மங்குக்கு மருந்து கொடுத்தவர்

எங்கள் தோட்டத்து டிரசரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் இல்லாமல் திரும்பியவர் கிடையாது. பதில் சரியா தப்பா என்பது வேறு விஷயம். அது கேட்டவன் தலையெழுத்தைப் பொறுத்தது.

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். டாக்டர் மாதம் ஒரு முறை மலாக்காவிலிருந்து காரில் வருவார். மழை பெய்தால் காரை விட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் எங்கள் உயிர் டிரசர் கையில்தான். வெள்ளை அரைக்கால்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, சட்டைப்பையில் பேனாவைப் போலச் செருகிய தெர்மாமீட்டர். யாராவது எதையாவது கேட்டால் அந்தத் தெர்மாமீட்டரை எடுத்து, கட்டைவிரல் நகத்தில் இரண்டு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "இது எனக்குத் தெரிஞ்சதுதான்" என்று ஆரம்பிப்பார். நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கோயிலடிச் செண்பகம் ஏன் பூக்கவில்லை என்று பூசாரி ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னதற்கும் தெர்மாமீட்டரைத் தட்டினார். "அதுக்கு வேர்ல பூச்சி. எப்சம் உப்புக் கரைச்சு ஊத்து" என்றார். பூசாரி ஊற்றினார். அடுத்த மாதம் அந்த மரத்தை விறகுக்கு வெட்டினார்கள்.

புது லாரி டிரைவர் ஒருவன் சுங்கை ஊடாங்குக்கு வழி கேட்டான். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்திலேயே அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். டிரசர் யாரையும் வாய் திறக்க விடவில்லை. தெர்மாமீட்டராலேயே திசை காட்டினார். லாரி வேறு திசையில் இருக்கிற தம்பினுக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்து அவன் கத்தியபோது, "நான் சொன்னது பழைய ரோடு. நீ புது ரோட்டுல போயிருக்க" என்றார். அப்படி ஒரு பழைய ரோடு இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பல்வலி வந்தது. விளக்கெண்ணெய் கொடுத்தார். பல்வலி போகவில்லை, ஆனால் அன்று முழுக்க அதைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாக்கு அழுகும். என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். டிரசர் வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு மண்தரையில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் என் வயிற்றைப் பிடித்துப் பிள்ளையை மெல்ல மெல்லத் திருப்பினார். முகமெல்லாம் வேர்வை. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தபோதுதான் அவருக்கு உண்மையிலேயே ஏதோ தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளை பிழைத்தாள். நானும் பிழைத்தேன். அதனால்தான் அடுத்து அவர் சொன்னதையெல்லாம் நம்பினேன்.

அந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே என் முகத்தில் மங்கு இறங்கியிருந்தது. இரண்டு கன்னத்திலும், மேல் உதட்டிலும், நெற்றியில் ஒரு பட்டையுமாக, சட்டியடியைத் துடைத்த துணியால் முகம் துடைத்தவள் மாதிரி. பெற்ற பிறகு போய்விடும் என்றார்கள். போகவில்லை. வெயிலில் நின்று ரப்பர் பால் வெட்டுகிறவளுக்கு எங்கே போகும்? எங்கள் தோட்டத்தில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற கோப்பைக்கும் நாங்கள் மங்கு என்றுதான் சொல்வோம். இது போதாதா ஆம்பிளைகளுக்கு? "என்னா பாக்கியம், மரத்துக்குக் கட்டச் சொன்னா மூஞ்சியில கட்டிக்கிட்டியா?" என்று ஸ்டோர் பக்கம் போகும்போதெல்லாம் ஒருவன் கேட்பான். நாலு பேர் சிரிப்பார்கள். கூட நின்ற என் வீட்டுக்காரரும் ஒரு நாள் சிரித்தார். அன்று சாயங்காலமே நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டிரசர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நகத்தில் இரண்டு தட்டு.

"இது எனக்குத் தெரிஞ்சதுதான். பிள்ளை பெத்தப்போ கெட்ட ரத்தம் கீழ எறங்காம மேல ஏறிடுச்சு."

"போயிடுமா ஐயா?"

"போயிடுமாவா? பாக்கியம், ஒரு மாசத்துல உன் புருஷன் கதவத் தட்டிட்டு, 'இது யார் வூடு?'ன்னு கேப்பான் பாரு."

அலமாரியின் மேல் தட்டிலிருந்து பெரிய ஜாடியை இறக்கி, வெள்ளைக் களிம்பைக் கரண்டியால் எடுத்து, ஒரு சின்னத் தகர டப்பியில் அடைத்துக் கொடுத்தார். படைக்கும் சொறிக்கும் போடுகிற களிம்பு. கால் இடுக்கில் படை வந்த ஆம்பிளைகளுக்கு அதிலிருந்துதான் கொடுப்பார். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

"காலைல, மத்தியானம், சாயங்காலம். மூணு வேளையும் தவறக் கூடாது. வெளிய சொல்லாத. இந்தத் தோட்டத்துல உனக்கு மட்டும்தான் குடுத்திருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தை களிம்பைவிட நன்றாக வேலை செய்தது. தோட்டத்துப் பொம்பளைகளில் எனக்கு மட்டும்! தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் வீடு வந்தேன்.

இரண்டு வாரம் முகம் வெளுத்தது. பொய் சொல்லவில்லை, வெளுத்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, "என்னாடி, புதுப் பவுடரா?" என்று கேட்டாள். "கஞ்சித் தண்ணிக்கா" என்றேன். அஞ்சலை அக்கா நல்ல சிவப்பு. தன் அம்மா வழியே அப்படித்தான், ரத்தத்திலேயே இருக்கிறது என்று தண்ணிக்குழாயடியில் தினமும் ஒரு முறையாவது சொல்லாமல் குடம் தூக்க மாட்டாள். நம்மையும் இனி அந்த வரிசையில் சேர்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் எரிய ஆரம்பித்தது. வேர்வை பட்டால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கும். கன்னம் சிவந்து, தோல் வெங்காயச் சருகாக உரிந்தது. உரிந்த இடத்தில் வந்த கறுப்பு பழைய மங்கை வெள்ளை என்று சொல்ல வைத்தது. சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறம். கண்ணுக்குக் கீழே வீங்கியும் போனது. ஓடினேன் டிரசரிடம்.

அவர் அசரவில்லை. "மருந்து வேலை செய்யுது. உள்ள இருந்த கறுப்பெல்லாம் வெளிய வருது. வந்து முடிஞ்சதும் நின்னுடும். நிறுத்துனா பாதியில தங்கிப்போகும், அப்புறம் என்னைக் கேக்காத."

"எரியுது ஐயா."

"எரிஞ்சாத்தான் மருந்து."

டப்பியில் இன்னொரு கரண்டி போட்டுக் கொடுத்தார். நானும் முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தேன். முட்டாள் என்று என்னைச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன்.

அப்போது மலாயாவில் அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு இரண்டாவது வருஷம். விடிந்து சங்கு ஊதிய பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரும் அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். மடியைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருவாடு, ஒரு மாத்திரை, எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போகிறது என்று பிடித்துக்கொள்வார்கள். பிடித்தால் வழக்கு, வாய்தா என்றெல்லாம் இல்லை. லாரியில் ஏற்றினால் ஏற்றினதுதான். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படிப் போன ஒருவர் ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பியபோது, அவர் பிள்ளை அவரைப் பார்த்து அழுதது.

இதெல்லாம் தெரிந்தும், டப்பியை இடுப்பில் சொருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியான வேளை தவறக் கூடாதே! அத்தனை நாளும் தப்பியது. கேட்டில் பொம்பளைகளைத் தடவுகிறவள் பழகினவள். மேலோடு தொட்டுவிட்டு விடுவாள். அன்றைக்குப் புதிதாக ஒருத்தி இருந்தாள். இடுப்பில் கை பட்டதும் நிறுத்தினாள். டப்பியை எடுத்தாள். திறந்து மோந்து பார்த்தாள். "ஊபாட்" என்று கத்தினாள். மருந்து என்று அர்த்தம்.

காவலுக்கு நின்ற மாத்தா, மலாய்க்காரப் போலீஸ்காரன், என் கார்டைப் பிடுங்கினான். கார்டில் இருப்பது கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம். பதினெட்டு வயசு, பளிங்கு மாதிரி முகம். அதைப் பார்த்தான். வீங்கி, உரிந்து, கறுத்து நிற்கிற என்னைப் பார்த்தான். திரும்பப் படத்தைப் பார்த்தான்.

"புக்கான் டியா லா" என்றான். இது அவள் இல்லையாம்.

இடுப்பில் மருந்து, கையில் இன்னொருத்தி கார்டு. இதற்கு மேல் காட்டுக்காரிக்கு என்ன அடையாளம் வேண்டும்? என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து, "என் சம்சாரம்தாங்க, சத்தியமா" என்றார். நீயும் அந்தக் கூட்டமா என்று துப்பாக்கிக் கட்டையால் அவரை நெஞ்சில் தள்ளினார்கள். என்னை ஆபீஸ் வராந்தாவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகை அங்கிருந்து கூப்பிடு தூரம். என் பிள்ளைக்கு அப்போது எட்டு மாசம். மற்ற பிள்ளைகள் சத்தத்தில் அவள் அழுகை மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. மார் கட்டி, சட்டை நனைந்தது. எழுந்தால் மாத்தா துப்பாக்கியைத் தூக்கினான். முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். தோட்டத்துத் துரை அவருக்கு மொழிபெயர்த்தார். எங்கள் துரைக்குத் தமிழ் வரும். லயத்தில் கற்றுக்கொண்ட தமிழ். மரியாதை கிடையாது, கெட்ட வார்த்தை எல்லாம் சுத்தமாக வரும்.

"டப்பி யார் கொடுத்தது?"

"டிரசர் ஐயா கொடுத்தாரு துரை. மூஞ்சிக்குப் போட."

டிரசரைக் கூப்பிட்டார்கள். வந்தார். காலுறை சரியாக இருந்தது, தெர்மாமீட்டர் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. என் வயிற்றைத் தொட்டுப் பிள்ளையைத் திருப்பினவர் ஆயிற்றே!

துரை டப்பியைக் காட்டினார். "டிரசர், இந்த மருந்து நீ குடுத்தியா?"

டிரசர் டப்பியைப் பார்த்தார். அதிகாரியின் இடுப்பிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். அந்த நாளில் ஆஸ்பத்திரி மருந்து குறைந்தால் அது காட்டுக்குத்தான் போயிருக்கும் என்று டிரசர்களையே பிடித்துக்கொண்டு போனார்கள். பெரிய ஜாடியில் பாதிக்கு மேல் காலி என்பது அவருக்குத்தானே தெரியும்.

"தெரியாது துரை" என்றார்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை அதற்குள்ளிருந்து வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"இந்தப் பொம்பளய தெரியுமா உனக்கு?"

"லயத்துல ஏகப்பட்ட பொம்பளைங்க துரை. மூஞ்சி தெரியல."

"ஐயா, பாக்கியம் ஐயா! என் பிள்ளையத் திருப்புனீங்களே ஐயா!" என்று கத்தினேன்.

அவர் தெர்மாமீட்டரைத் தொடக்கூட இல்லை. வராந்தாப் படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்கிப் போனார். இரண்டு மணிக்கு லாரி வரும், ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் மரத்துக்கு மரம் ஓடியிருக்கிறார். யாரிடம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அஞ்சலை அக்கா பால் வெட்டுகிற நிரையில் போய் நின்று அழுதிருக்கிறார். அவள் உளியைக் கீழே போட்டுவிட்டு, "எந்த டப்பி? தகர டப்பியா? வெள்ளக் களிம்பா?" என்று கேட்டாளாம். பிறகு, "நீ போயி பிள்ளையப் பாரு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பால் நிறுக்கிற இடத்தில் அஞ்சலை அக்கா என் விஷயத்தைச் சொல்ல, பொம்பளைகள் தனித்தனியாக வீட்டுக்குப் போய்விட்டு ஆபீஸ் பக்கம் வந்தபோது ஒரு மணி இருக்கும். பதினோரு பேர். அஞ்சலை அக்கா முன்னால். தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டித்தான் அவளை எப்போதும் பார்த்திருக்கிறேன். அன்று அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தாள். காதோரத்திலிருந்து கழுத்துவரை சாம்பல் பூத்துக் கிடந்தது. மடியிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்துத் துரை மேஜையில் வைத்தாள். என் டப்பிக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது.

"எனக்கும் குடுத்தாரு துரை. எனக்கு மட்டும்னுதான் குடுத்தாரு."

அவள் பின்னால் நின்ற மாரியாயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு மட்டும்னா?" என்று கேட்டபடி தன் டப்பியை வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். கங்காணி பெண்டாட்டி வைத்தாள். பரம்பரைச் சிவப்பு என்று அவளும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். ஒவ்வொருத்தி டப்பி வைக்கும்போதும் மற்றவர்கள் அவளை முறைத்த முறைப்பில் கொலை இருந்தது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே மயிரைப் பிடித்திருப்பார்கள். ஆனால் அந்த டப்பி ஒன்று கையில் இருந்ததற்குத்தான் நான் லாரிக்குக் காத்திருக்கிறேன் என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் கொண்டுவந்து வைத்தார்கள். பதினோரு டப்பி. வெளிச்சத்தில் பதினோரு முகம், எல்லாம் என் முகம்.

துரை சிரிக்க ஆரம்பித்தார். அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் சிரிக்கவில்லை. டிரசரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

மேஜையைப் பார்த்ததும் டிரசருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "ஆமா துரை, இப்போ ஞாபகம் வருது. சாதாரணக் களிம்பு. ஒண்ணும் செய்யாது. பச்சப் பிள்ளைக்கும் போடலாம்."

"பச்சப் பிள்ளைக்கும் போடலாமாம்லா" என்றாள் அஞ்சலை அக்கா. ஒரு டப்பியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். "அப்படின்னா நீங்க பூசுங்க ஐயா. மூஞ்சியில. இங்கேயே."

டிரசர் துரையைப் பார்த்தார். துரைக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. "பூசு" என்றார்.

டிரசர் ஒரு விரலை டப்பியில் விட்டார். களிம்பு விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியது. கையைத் தூக்கினார். அது தாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தைத் தொடவில்லை. மெல்ல இறங்கி, அரைக்கால்சட்டையில் துடைத்துக்கொண்டது.

எரிந்தால்தான் மருந்து என்றவர். அது என்ன செய்யும் என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்திருந்தது. கங்காணி பெண்டாட்டி காறி, படிக்குக் கீழே துப்பினாள்.

என் கட்டைவிரலை மையில் தோய்த்து, கார்டில் இருந்த ரேகையோடு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அதைக் காலையிலேயே பார்த்திருக்கலாம். போ என்றார்கள். ஆயாக் கொட்டகைக்கு நான் ஓடின ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தாள். என் முகத்தைப் பற்றி அவளுக்கு எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை. பாலைக் குடித்தாள்.

டிரசருக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. டிரசர் கிடைப்பது கஷ்டம். பால்வெட்டிகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். ஜாடி இருந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டார்கள், சாவி துரையிடம் போனது. அவ்வளவுதான். கொஞ்ச நாள் பொம்பளைகள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது, பிரசவம் வந்தது, போனார்கள். எங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

தண்ணிக்குழாயடியில் மட்டும் ஒரு மாற்றம். சிவப்பு, பரம்பரை என்ற பேச்சு அடியோடு நின்றுபோனது. களிம்பை நிறுத்தியதும் எரிச்சல் போனது, வீக்கம் வடிந்தது. நீலச் சாம்பல் மட்டும் கன்னத்தில் தங்கிவிட்டது. இன்றும் இருக்கிறது. மங்கு கட்டிக்கொண்டாயா என்று கேட்டவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவன் பெண்டாட்டியின் டப்பி ஏழாவது.

அந்த வாரக் கடைசியில் டிரசர் எங்கள் லயத்துக்கு வந்தார். வீட்டுக்கு வெளியே காலணியோடு நின்றார். நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். கோலா சுங்கை பாருவிலிருந்து சைக்கிளில் மீன் வருகிற நாள் அது. கையில் ஒரு போத்தல் வைத்திருந்தார்.

"தேங்காயெண்ணெய். கலப்படமில்லாதது. காயம் ஆறுற வரைக்கும் இத மட்டும் தடவு. வேற ஒண்ணும் போடாத" என்றார். குரல் இறங்கியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துச் சொன்னார்.

அவர் வாழ்நாளில் சொன்ன சரியான வைத்தியம் அதுவாகத்தான் இருக்கும். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போத்தலை வாங்கினேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல நின்றார். கதவைச் சாத்தினேன்.

நல்ல எண்ணெய். கமகமவென்று இருந்தது. சட்டியை அடுப்பில் வைத்து, போத்தலில் பாதியை ஊற்றி, எட்டுக் கெம்போங் மீனையும் அதிலேயே பொரித்தேன். நாலை அஞ்சலை அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.